பருப்பு வேகாத கிணறு

உடுமலைப்பேட்டையிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் இருக்கிறது மடத்துக்குளம். அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் பழனியாண்டவரை நினைத்துக் கொண்டே போவதால் இந்த ஊரைக் கவனிப்பதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் என் அத்தை அங்கே இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

அத்தை வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. அமராவதி ஆறு பக்கத்திலேயே ஓடுவதாலோ என்னவோ, அந்தக் கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருக்கும். சென்ற கோடையில் போயிருந்தபோது, குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தும் அத்தை வாளியும் கயிறுமாகக் கிணற்றடியில் நிற்பதைப் பார்த்தேன்.

"குழாயிலே வருதே, அத்தை! இந்த வயசுலே எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்றேன்.

"பருப்புக்கு மட்டும் இந்தத் தண்ணி கண்ணு. தினமும் ஒரு வாளி சேந்திப் பாத்துக்கோணும். பருப்பு வேகலைன்னா கிணத்துக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம்" என்றாள் அத்தை.

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "உம்பட அத்தை மவ வீட்டுக் கிணத்துலே வேகலையே!" என்றாள்.

அத்தையின் மகளைத் திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறது. ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் பக்கத்தில் கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதில் நகரத்துக் குப்பையை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாவது வருஷம் அவள் வீட்டுத் துவரம்பருப்பு வேகவில்லை. முதலில் பருப்பைக் குற்றம் சொன்னார்கள். பிறகு மளிகைக் கடைக்காரரைக் குற்றம் சொன்னார்கள். பிறகு சோப்பு நுரைக்கவில்லை. பானையின் அடியில் வெள்ளையாகப் படிந்தது. மாடு தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக் கொண்டது. அப்புறந்தான் கிணற்றைப் பார்த்தார்கள்.

மனுக் கொடுத்தார்கள். ஓர் உத்தியோகஸ்தர் வந்தார். மரியாதைப்பட்டவர். தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தார். உப்பும் கடினமும் அதிகம் என்று முடிவு வந்தது. "நாங்கள் சொன்னோமே!" என்றார்கள் ஊரார். அவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பக்கத்துப் பாறைத் தண்ணீரே கொஞ்சம் உப்புத்தானே? குப்பை கொட்டுவதற்கு முன்னால் இந்தக் கிணறு எப்படி இருந்தது என்பதற்கு ஏதாவது ரிக்கார்டு இருக்கிறதா?"

இல்லை. அதுதான் விஷயம். அத்தை மகளுக்கு அந்தக் கிணறு எப்படி இருந்தது என்று நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷம் அதில்தான் உலை வைத்தாள். ஆனால் அவள் நாக்கில் இருந்ததை ரிஜிஸ்தரில் ஏற்றுவதற்குக் காலம் இல்லை.

இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. தண்ணீரைப் பரிசோதிப்பது என்ற காரியம் எப்படித் தோன்றியது, யார் சொன்னது எப்போது சாட்சியாயிற்று என்று கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அத்தையின் பரிசோதனை மூடநம்பிக்கை அல்ல. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்தால் அதைக் கடினத் தண்ணீர் என்கிறோம். இந்தச் சத்துக்கள் பருப்பின் தோலையும் சதையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பசையோடு கலந்து அதை இறுக்கிவிடுகின்றன. எவ்வளவு விறகை எரித்தாலும் பருப்பு மசியாது. சமையற்காரர்கள் ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவது இதற்காகத்தான். குப்பைமேட்டின் அடியில் நடப்பதும் இதனோடு சம்பந்தப்பட்டதே. மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அழுகியவற்றின் சாற்றையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக வெளியே வருகிறது. அந்தக் குப்பைச் சாற்றில் உப்பும் நவச்சார வாயுவும் இருக்கும். பாட்டரி, சாயம், தகரம் முதலியவை கலந்திருந்தால் உலோகங்களும் இருக்கும். புளித்த அந்தச் சாறு போகிற வழியில் உள்ள பாறையையும் மண்ணையும் அரித்துச் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு போகும். ஆகவே கிணற்றுக்குக் கேடு வருவதைப் பருப்புக் கண்டுபிடித்தால் அதில் ஆச்சரியமில்லை.

ஆனால் நாக்கையும் பருப்பையும் மட்டும் நம்பலாமா? நம்பக் கூடாது என்பதற்கு லண்டனில் ஒரு கதை இருக்கிறது. 1854-ஆம் வருஷம் அந்த நகரின் சோஹோ பகுதியில் காலரா கண்டது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், யார் இறந்தார்கள், அவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரு பம்பில் தண்ணீர் எடுத்தவர்கள். ஆனால் வெகு தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவையும் இறந்துபோயிருந்தாள். அங்கே காலராவே இல்லை. விசாரித்தால், அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவுக்கு அருகே குடியிருந்தவள். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் தினமும் தருவித்துக் குடித்து வந்தாள்! நல்ல ருசியே எமனாக முடிந்தது.

இந்தக் கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நாக்கு ஏமாறும் என்பது ஒன்று. வீடு வீடாகப் போய்க் கேட்டால் உண்மை கிடைக்கும் என்பது மற்றொன்று. ஸ்நோவிடம் அன்று கிருமியைக் காட்டும் பரிசோதனை எதுவும் இல்லை. கேட்டு எழுதிய கணக்குத்தான் இருந்தது. கிருமியைத் தண்ணீரில் கண்டவர் ராபர்ட் கோக். அது நடந்தது நம் தேசத்தில். 1884-இல், கல்கத்தாவில் மக்கள் குளித்துக் குடித்து வந்த ஒரு குளத்தில்.

அதற்குப் பிறகு தண்ணீரைச் சோதிப்பதென்றால் கிருமியைத் தேடுவது என்றே வெகுகாலம் ஆயிற்று. நம் சென்னை ராஜதானியில் 1899-இல் கிண்டியில் தோன்றிய கிங் நிலையம் நாளடைவில் ஊர் ஊராக வந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பரிசோதித்துக் கொடுத்தது. காலராவுக்கு அஞ்சிய காலம் அது. குப்பைக்கு யாரும் அஞ்சவில்லை. அஞ்ச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சாம்பலும் சாணமும் வாழை இலையும் கிழிந்த கந்தையுந்தான் குப்பை. அது எருக்குழிக்குப் போய், வயலுக்குப் போய், மறுவருஷம் சோறாகத் திரும்பி வந்தது. குப்பை என்றால் அழியாத பொருள் என்ற அர்த்தம் பிளாஸ்டிக் வந்த பிறகு ஏற்பட்டதுதான்.

இப்படி இருந்த நாட்டில் 1974-இல் பாராளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஒன்று செய்தது. தமிழ்நாட்டுக்கு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982-இல் வந்தது. தண்ணீர் மாதிரியை எப்படி எடுப்பது என்று அந்தச் சட்டம் வெகு நுணுக்கமாகச் சொல்லுகிறது. சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எடுத்த தண்ணீரை இரண்டு பங்காக்க வேண்டும். புட்டிக்கு முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி எடுக்காத தண்ணீர் கோர்ட்டில் தண்ணீர் ஆகாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முத்திரை இல்லாத புட்டியை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? ஆனால் முத்திரை வைத்த புட்டி இன்றைய தண்ணீரைத்தான் காட்டும். நேற்றைய தண்ணீரை எந்தப் புட்டியிலும் பிடிக்க முடியாது.

அப்படியானால் நேற்றைக்குச் சாட்சி யார்? மடத்துக்குளத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத திண்டுக்கல்லில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் தோல் பதனிடும் சாலைகள் பல. அவற்றின் கழிவு நிலத்தில் இறங்கியது. பதின்மூன்று கிராமங்களில் ஒரு தொண்டு ஸ்தாபனத்தார் கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. வேலூர்ப் பகுதித் தோல் சாலைகளைப் பற்றிய வழக்கில், 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் இந்தக் கணக்கு இடம் பெற்றிருக்கிறது. ஜான் ஸ்நோ செய்ததும் இதுதானே? ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்பது, எழுதுவது.

அந்தத் தீர்ப்பு இன்னொன்றும் சொல்லிற்று. தண்ணீர் கெட்டது உன் தொழிலால் என்று ஊரார் நிரூபிக்க வேண்டியதில்லை. என் தொழிலால் கெடவில்லை என்று தொழில் செய்கிறவன் நிரூபிக்க வேண்டும் என்றது. படித்தபோது, அத்தை மகளிடம் ரிக்கார்டு கேட்ட அந்த மரியாதைப்பட்ட உத்தியோகஸ்தரை நினைத்துக் கொண்டேன். கேள்வி நியாயமானதுதான். கேட்ட இடந்தான் தவறு. குப்பை கொட்டியவரிடம் அல்லவா அதைக் கேட்டிருக்க வேண்டும்?

திருப்பூரைப் பற்றிப் பேசிவிட்டு நொய்யலைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருப்பூர் ஜில்லாவுக்கு இரண்டு ஆறுகள். வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. மடத்துக்குளத்தார் அதிர்ஷ்டசாலிகள்; அவர்களுக்கு வாய்த்தது தெற்கத்திய ஆறு. பனியன் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யலை ஒட்டிப் பெருகின. நான் இதை எழுதும்போது என் உடம்பில் இருப்பதும் திருப்பூர்ப் பனியன்தான்; ஆகையால் யோக்கியன் போலப் பேச எனக்கு உரிமையில்லை. சாயம் நூலில் பிடிக்க வேண்டுமானால் உப்பு வேண்டும், ஏராளமாக வேண்டும். சாயம் துணியில் நின்றது. உப்பு ஆற்றுக்குப் போயிற்று.

திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது பயனுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஆனால் அதில் தேங்கியது சாயக் கழிவு. கடைசியில், அந்த அணைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. தண்ணீருக்காக வழக்காடிய குடியானவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று வழக்காடியவர்களை நொய்யல்தான் காட்டிற்று.

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அவற்றிலிருந்து வந்த தண்ணீரில் நிறம் குறைந்தது. பார்த்தவர்கள் திருப்தியடைந்திருக்கலாம். ஆனால் கரைந்த உப்பை எடுக்கும் சக்தி அந்த நிலையங்களுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியும் கேடு போயிற்று. பருப்புக்குத் தெரியும் கேடு நின்றது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று 2006-இல் உத்தரவாயிற்று. அது நிறைவேறாமற் போகவே 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆந் தேதி, 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடும்படி கோர்ட்டு சொல்லிவிட்டது. ஊரே திகைத்தது. எத்தனையோ பேர் வேலையிழந்தார்கள். பிறகு உப்பையும் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள் வந்த பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முன்பே அளந்திருந்தால், அளந்ததை முன்பே மதித்திருந்தால், விவசாயியும் தொழிலாளியும் மாறி மாறி அழுதிருக்க வேண்டாம்.

சாயக் கழிவின் கதை இப்படி. குப்பையின் கதை இதன் தம்பி. கோயம்புத்தூருக்கு வெள்ளலூர், சென்னைக்குக் கொடுங்கையூர், பெருங்குடி என்று ஒவ்வொரு பட்டணத்துக்கும் ஒரு குப்பைமேடு உண்டு. பெருங்குடி மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலேயே ஏறிற்று. திருப்பூருக்கு அருகே கைவிட்ட கல் குவாரிகள் குப்பைத் தொட்டிகளாயின. சுற்றியிருந்த கிராமத்தார் லாரிகளை மறித்தார்கள்.

குவாரியில் கொட்டுவது பார்வைக்குச் சௌகரியமான யோசனை. பள்ளம் நிரம்பும், நாற்றம் மேலே வராது என்று தோன்றும். ஆனால் கொங்கு நாட்டு நிலம் பாறை நிலம். இங்கே தண்ணீர் மணலில் போல நாலாபுறமும் பரவுவதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே நரம்பு நரம்பாக ஓடுகிறது. குவாரியிலோ வெடி வைத்து அந்தப் பாறையை மேலும் பிளந்திருக்கிறார்கள். பல கிணறுகளை விட ஆழமாகவும் தோண்டியிருக்கிறார்கள். அதற்குள் குப்பையைப் போடுவது, ஊர் நரம்பில் ஊசி போடுவதற்குச் சமம். பக்கத்துக் கிணறு பிழைத்து, அரை மைலுக்கு அப்பாலுள்ள கிணறு கெட்டாலும் கெடலாம்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு, நல்ல சட்டமே உண்டு. 2000-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் நகரக் குப்பைக்கென்று விதிகள் வெளியிட்டது. குப்பைக் கிடங்கு அமைப்பதற்கு முன்பே அந்த இடத்து நிலத்தடி நீரைப் பரிசோதித்து, பின்னால் பார்ப்பதற்காகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றும் இருந்தது. அத்தை மகளிடம் கேட்ட அதே ரிக்கார்டு! அதை வைத்திருக்க வேண்டியவள் அவள் அல்ல. கிடங்கு வைக்கிறவர்கள்.

விதியில் கொட்டும் இடத்துக்கு முறைப்படி பெயர் வைத்துத் தொடங்கினால்தான் இந்தப் பதிவும் தொடங்கும். யாரும் தொடங்காமலே தொடங்கிவிட்ட பள்ளத்துக்கு முதல் நாள் ஏது? முதல் நாள் இல்லாத இடத்தில் முந்தைய நாள் கணக்கு எங்கிருந்து வரும்? 50 மீட்டர் என்ற எல்லையும் மணற்பாங்கான பூமிக்குச் சரியாயிருக்கலாம். பாறை வெடிப்பில் ஓடும் தண்ணீர் மீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை.

பணக்கார தேசத்தில் இதெல்லாம் சரியாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு அருகே லவ் கால்வாய் என்று ஒரு பழைய வெட்டுக் கால்வாய். 1942 முதல் 1953 வரையில் ஒரு ரசாயனக் கம்பெனி அதில் கழிவைப் புதைத்து மண்ணைப் போட்டு மூடிற்று. மேலே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் எழும்பின. 1978-இல் லூயிஸ் கிப்ஸ் என்ற இளந்தாய், தன் குழந்தைக்கு ஏற்பட்ட நோயினால் கவலைகொண்டு, தெருத் தெருவாகக் கதவைத் தட்டினாள். எந்த வீட்டில் என்ன நோய் என்று குறித்துக்கொண்டு வந்து படத்தில் புள்ளி வைத்தாள். நோய்கள், முன்பு மழைநீர் ஓடித் தூர்ந்துபோன பழைய ஓடைகளின் வழியே வரிசையாக நின்றன! வீட்டுப் பெண்கள் எடுத்த கணக்கு என்று உத்தியோகஸ்தர்கள் முதலில் அதை மதிக்கவில்லை. பிறகு அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் குடி பெயர்க்கப்பட்டன.

பழைய ஓடை எங்கே ஓடிற்று என்பது நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கும் தெரியும். எந்த வருஷம் எந்தக் கிணறு உப்புத் தட்டிற்று என்பதும் தெரியும். ஆய்வுக்கூடத்துக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாது. ஈயமும் கிருமியும் நாக்குக்குத் தட்டுப்படா. இவர்களுக்குத் தெரிந்தது ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை.

அமராவதியையே பாருங்கள். ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று எட்டுப் பழைய ராஜ வாய்க்கால்கள் அதற்கு உண்டு. எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், எத்தனை கன அடி என்பதற்கு உத்தரவுகள் உண்டு. 90 அடி உயரமுள்ள அணையில் இன்று எத்தனை அடி என்று காலைப் பத்திரிகையில் போடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் என்பதில் நாம் வெகு கண்டிப்பானவர்கள். என்ன தண்ணீர் என்பதைத்தான் கெட்ட பிறகு விசாரிக்கிறோம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், அத்தை கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதினேன். கரைந்த உப்பு, கடினம், குளோரைடு, நைட்ரேட் என்று நாலு வரிசை. இந்திய நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை போகலாம். கடினம் 200, தவறினால் 600. இந்த எண்களையும் முதற் பக்கத்தில் குறித்துவைத்தேன். கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, தை பிறந்து ஒரு முறை என்று வருஷத்துக்கு மூன்று தடவை எழுத வேண்டும் என்றும் அத்தையிடம் சொன்னேன். இப்போது அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு எதுவும் இல்லை. அதனால்தான் இப்போது எழுத வேண்டும்.

அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தாள்.

"பருப்புக்கு எங்கே கண்ணு எடம்?" என்று கேட்டாள்.

நான் ஐந்தாவது கோடு ஒன்று கிழித்தேன். அத்தை பேனாவை வாங்கி, நடுங்கும் கையால், 'வெந்தது' என்று எழுதினாள். பிறகு, "இதை ஆரு படிக்கப் போறாங்க?" என்றாள்.

"யாரும் படிக்க வேண்டிய அவசியம் வராம இருக்கட்டுங்க, அத்தை" என்றேன்.